மாமன் கிட்னி

அண்ணே, அந்தக் கவர மடியிலயே வெச்சுக்கங்க. மேல வெச்சா பஸ்ஸு காரியாபட்டி தாண்டுறதுக்குள்ள எவனாச்சும் மூட்டையத் தூக்கி அதுமேல போட்டுருவான். ஸ்கேன் படந்தானே? பாத்தாலே எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரின்னும் சொல்லிருவேன், அந்தப் பச்சை எழுத்து. நானும் அந்தக் கவரத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சவந்தான்.

யாருக்கு, உங்களுக்கா? தம்பிக்கா? கூடப்பொறந்த தம்பியா, இல்ல சித்தப்பா மகனா? ஏன் கேக்குறேன்னா, நம்ம வாயில எல்லாருமே தம்பிதான். சட்டத்துக்கு அது ஆகாதுண்ணே. உடன்பொறப்பா இருக்கணும். அப்படியா, கூடப்பொறந்தவரா? அப்ப பெரிய தொல்லை இல்ல. யாரு குடுக்கப் போறா, நீங்களா? நல்லாருங்கண்ணே. குடுத்து வெச்சவரு உங்க தம்பி. நானும் குடுக்கத்தான் போனேன். வேணாம்னு அனுப்பிட்டாங்க.

இல்ல இல்ல, ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. ரத்தம் சேந்துச்சு, அந்தப் பொருத்தம் இந்தப் பொருத்தம்னு என்னென்னமோ பாத்தாங்க, எல்லாம் சேந்துச்சு. டாக்டரு என் முதுகுல தட்டி, "பால்ச்சாமி, ரெண்டு கிட்னியும் புதுசாட்டம் இருக்குய்யா"ன்னாரு. பீடி கிடையாது, தண்ணி கிடையாது. அருப்புக்கோட்டையில வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன், கேட்டு, கிரில்லு, ஷட்டரு. நெருப்புல நின்னு வேல செய்யிறவன், கண்ணுதான் கொஞ்சம் போச்சு. மத்ததெல்லாம் கல்லு.

அப்புறம் ஏன் வேணாம்னாங்கன்னா, மொறை சரியில்லையாம். எனக்கு மொறை சரியில்லையாம்ணே! நான் அவளுக்குத் தாய்மாமன். எங்க அக்கா பேச்சியம்மா பெத்த ஒத்தப் புள்ள அவ. சிவரஞ்சனி. ரஞ்சனின்னு கூப்பிடுவோம். அவளுக்குத்தான் ரெண்டு கிட்னியும் போச்சு. மச்சான் லாரி ஓட்டுனவரு, அவ சின்னப்புள்ளையா இருக்கையிலயே ஒரு விபத்துல போய்ச் சேந்துட்டாரு. அக்காவுக்குச் சக்கர வியாதி, அவ கிட்னிய எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அப்ப மிச்சம் யாரு? நான்தானே?

அந்த ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு, கோஆர்டினேட்டர்ம்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது உக்கார வெச்சு வெவரம் சொல்லுச்சு. யாரு யாரு நேரா குடுக்கலாம்னா, அப்பா அம்மா, புள்ளைங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, புருஷன் பொண்டாட்டி. அதோட நிறுத்திருச்சு. மாமன் எங்கம்மான்னேன். "மாமா இதுல வரமாட்டாருங்க சார்"னு சொல்லுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. காது குத்த மாமன் மடி வேணும். சடங்குன்னா மாமன் சீரு வாசலுக்கு வராம ஒருத்தன் எலையில உக்கார மாட்டான். கிட்னிக்கு மட்டும் நான் ரோட்டுல போறவனா? என்ன சட்டம்ணே இது, எந்த ஊர்ல இருந்துகிட்டு எழுதுனாங்க?

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, கொற சொல்லக் கூடாது. "குடுக்கவே முடியாதுன்னு இல்லீங்க சார். கமிட்டி முன்னாடி போகணும். பாசத்துனாலதான் குடுக்குறீங்க, வேற எதுக்காகவும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்"னுச்சு. பாசத்துக்கு என்னம்மா அத்தாச்சின்னேன். பழைய போட்டோ எல்லாம் எடுத்துட்டு வாங்கன்னுச்சு. போட்டோவுக்கா பஞ்சம்? அவ மொட்டத் தலையோட என் மடியில உக்காந்து காது குத்தறப்ப வீல்னு கத்துற போட்டோ. எனக்கு அப்ப மீசை கூட மொளைக்கல, அவ கத்துறதப் பாத்து நானும் அழுகுறேன் அதுல. அப்புறம் சடங்குல நான் மாலை போடுற போட்டோ. தல நிமிராம நிக்கிறா. அம்புட்டு வெக்கம் அவளுக்கு.

அக்காதான் சொன்னா. இத நீங்க நல்லாக் கேட்டுக்கங்க, நானா வாயெடுக்கல. அக்காதான் சொன்னா, "ஏண்டா பால்ச்சாமி, புருஷன்னா கேள்வி கேக்காம எடுத்துக்குவாங்கள்ல, கட்டிக்கிட்டுப் போயிரலாமே"ன்னு. மொறை இருக்குல்லண்ணே. அக்கா மகளக் கட்டுறது எங்கள்ல இல்லாத வழக்கமா? அவ பொறந்தன்னைக்கே எங்கய்யா சொல்லியாச்சு, "பால்ச்சாமி, ஒனக்குப் பொண்டாட்டி பொறந்துட்டாடா"ன்னு. ஆஸ்பத்திரியே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். வெளையாட்டுப் பேச்சுதான். ஆனா பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல?

எனக்கு எத்தனையோ எடத்துல பொண்ணு வந்துச்சு. வேணாம்னுட்டேன். அவளுக்காகன்னு நெனச்சுராதீங்க. பட்டறையில வேல சரியா இருந்துச்சு, நாள் ஓடிப்போச்சு, அதான். அக்கா கேட்டதுக்கும் நான் சரின்னு குதிக்கலையே. வேணாம்னு சொல்லல, அம்புட்டுத்தான்.

ரஞ்சனியா? கைய நீட்டி ஊசி போட்ட எடத்தத் தடவிக்கிட்டே இருந்தா. டயாலிசிஸ் பண்ற கையி, பாக்கச் சகிக்காது, கயிறு கயிறாப் பொடைச்சுக்கிட்டு நிக்கும். எந்திரிச்சு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. பொம்பளப்புள்ள, கல்யாணப் பேச்சுன்னா கதவுக்குப் பின்னாடிதான் நிக்கும். அக்கா சொன்னா, "சம்மதந்தாண்டா, எம்மகள எனக்குத் தெரியாதா?"ன்னு.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், என் குட்டியானை லோடு வண்டியில, முன்னாடி சீட்டுல அவ. வாரத்துக்கு ரெண்டு தடவ நான்தானே கூட்டிட்டுப் போயிட்டு வருவேன். வெளிய பாத்துக்கிட்டே வந்தவ திடீர்னு சொல்றா, "மாமா, எனக்கு யாரோட கிட்னியும் வேணாம் மாமா. இப்படியே இருந்துக்கறேன்". பாத்தீங்களா? மாமனுக்குக் கஷ்டம் வந்துரக் கூடாதுன்னு நெனைக்கிறா. தங்கமான மனசுண்ணே. "நீ சும்மா இருடி, ஒனக்கு என்ன தெரியும்?"னு அதட்டிப்புட்டேன். பாசத்துல வர்ற அதட்டுதான். அவ மறுபடியும் மொகத்த வெளிய திருப்பிக்கிட்டா.

கோஆர்டினேட்டர் பொண்ணுகிட்டக் கேட்டா, இப்பக் கல்யாணம் பண்ணிட்டு வந்தா இன்னும் கிண்டிக் கிழங்கெடுப்பாங்க சார்னுருச்சு. சரி, கமிட்டி முடியட்டும், ஆபரேஷன் முடியட்டும், அவ ஒடம்பு தேறட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்னு விட்டோம். நான் பாட்டுக்கு வீட்டுக்குப் புதுசா ஒரு கேட்டு அடிச்சேன். மேல கம்பிய வளச்சு "சிவரஞ்சனி இல்லம்"னு எழுத்து. ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தவன், என் வீட்டுக்கு அதுவரைக்கும் தகரக் கதவுதான். "ஞ்ச" வளைக்கிறது எம்புட்டுச் செரமம் தெரியுமா? மூணு கம்பி ஒடஞ்சு போச்சு.

கமிட்டிக்குப் போனோம். ஒரு நீள மேசை, அஞ்சாறு பேரு. நடுவுல ஒரு அம்மா, நரச்ச முடி, கண்ணாடிய எறக்கி மேலாப்புலதான் பாக்கும். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மொதல்ல மரியாதையாத்தான் ஆரம்பிச்சாங்க. என்ன தொழில், எம்புட்டு வருமானம், காசு ஏதும் கை மாறுச்சா. எனக்குக் கோவம் வந்துச்சு, இருந்தாலும் கேக்க வேண்டிய கேள்விதான்னு பொறுத்துக்கிட்டேன். அப்புறம் அந்தம்மா கேட்டுச்சு, "எதுக்காகங்க உங்க கிட்னியக் குடுக்குறீங்க?"ன்னு.

நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன், "அவ எனக்கு உரிமைப்பட்டவம்மா. நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?"

இதுல என்னண்ணே தப்பு இருக்கு? சொல்லுங்க. அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுருச்சு. "உரிமைன்னா?"ங்குது. தமிழ்தானே பேசுனேன்! மொறைப்பொண்ணும்மா, கட்டிக்கப் போற பொண்ணுன்னேன். "அவங்களுக்குச் சம்மதமா?" பொறந்தப்பவே பேசுனதும்மா, அவகிட்டப் புதுசா என்னத்தக் கேக்கன்னேன். பக்கத்துல இருந்த ஆளு அந்தச் சடங்கு போட்டோவ எடுத்து, நான் மாலை போடுறதப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு, மறுபடியும் போட்டோவப் பாக்குறாரு. இவரு ஊர்ல சடங்கே சுத்த மாட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பதான் அந்தம்மா அந்தக் கேள்வியக் கேட்டுச்சு. மெதுவா, கொழந்தைகிட்டப் பேசற மாதிரி. "பால்ச்சாமி, ஒருவேளை இந்தக் கல்யாணம் நடக்கலைன்னு வெச்சுக்கங்க. அப்பவும் குடுப்பீங்களா?"

நடக்கலைன்னு வெச்சுக்கவாம்! நடக்காதுங்கிற பேச்சே இல்லாதப்ப அதுக்கு என்னண்ணே பதில் இருக்கு? நான் சிரிச்சேன். "அதெப்படிம்மா நடக்காமப் போகும்?"னேன். அந்தம்மா சிரிக்கல. திருப்பியும் அதே கேள்வி. நான் திருப்பியும் அதே பதில். மேசையில இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. சரி, நீங்க வெளிய இருங்க, பொண்ண மட்டும் வரச் சொல்லுங்கன்னாங்க. அக்கா கூடப் போகப் பாத்தா, அவளையும் விடல. தனியா.

ரொம்ப நேரம்ணே. என்கிட்டப் பேசுனத விட நெறைய நேரம். கதவு கண்ணாடி, ஆனா பனி புடிச்ச கண்ணாடி, நெழலுதான் தெரியுது. அந்தம்மா எந்திரிச்சு வந்து அவ பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தது தெரிஞ்சுச்சு. தண்ணி குடுத்தாங்க. வெளிய வர்றப்ப அவ கண்ணெல்லாம் செவந்து வீங்கிக் கெடக்கு. என்னடி கேட்டாங்கன்னா தலைய ஆட்டுனா. வண்டியில ஏறி உக்காந்ததும் தூங்கிட்டா. அந்தச் சீக்கு வந்ததுலருந்து அவ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல, காலு அரிக்கும், மூச்சு வாங்கும், பொரண்டு பொரண்டு படுப்பா. அன்னைக்கு அருப்புக்கோட்டை வர்ற வரைக்கும் அசையல. என்னமோ பாரத்த எறக்கி வெச்ச மாதிரி. பள்ளம் மேடு பாத்து மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தேன்.

கடுதாசி வந்துச்சு. "பாசத்தின் அடிப்படையில் மட்டும் தானம் செய்யப்படுவதாகக் கமிட்டி கருதவில்லை." மனப்பாடமா இருக்குண்ணே எனக்கு. கருதவில்லையாம். அவளுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையும் கையுமா பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? கமிட்டியா? சைக்கிள் கத்துக் குடுத்தது யாரு? பி.காம் படிக்கப் போறேன்னு நின்னப்ப, பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு ஊரே சொன்னப்ப, போகட்டும்னு சொன்னவன் யாரு? பாசமில்லையாம்! அந்தக் கடுதாசியப் படிச்சுட்டுப் பட்டறைக்குள்ள போயி ஷட்டர எறக்கிக்கிட்டு அழுதேண்ணே. வெக்கமில்லாமச் சொல்றேன். எங்கய்யா செத்ததுக்குக் கூட நான் அப்படி அழல. அவ செத்துருவாளேன்னு அழுதேன். கையில மருந்த வெச்சுக்கிட்டு வாயில ஊத்த விட மாட்டேங்கிறாங்களேன்னு அழுதேன்.

அக்கா அவளப் புடிச்சு உலுக்கிட்டா. "உள்ள போயி என்னடி சொல்லித் தொலைச்ச?"ன்னு. நான்தான் வெலக்கி விட்டேன். நான் தன்மையாக் கேட்டேன், "சொல்லுத்தா, என்ன கேட்டாங்க?" அவ என் மொகத்த நேராப் பாத்தா. அம்புட்டு நேராப் பாத்து நான் அறிஞ்சதில்ல. "யாருமே கேக்காதத அவங்க கேட்டாங்க மாமா. எனக்கு இது வேணுமான்னு கேட்டாங்க"ன்னா. நானும் யோசிச்சுப் பாக்குறேன், எது வேணுமான்னு கேட்டாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. கிட்னி வேணுமான்னா கேப்பாங்க? சாகக் கெடக்குற புள்ளைகிட்ட அது ஒரு கேள்வியா?

அதுக்கப்புறம் அவ என் வண்டியில ஏறல. பஸ்ஸுல போய்க்கிறேன்னுட்டா, ஆத்தாளும் மகளுமா. அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு பஸ்ஸு பின்னாடியே போவேன், எங்கயாச்சும் மயங்கி விழுந்துட்டா தூக்குறதுக்கு ஆள் வேணும்ல? ஒரு நாள் அவ பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, "வராதீங்க மாமா"ன்னு கைய எடுத்துக் கும்புட்டா. ஸ்டாண்டே பாக்குது. பின்னாடி போறதுல என்ன தப்புண்ணே? ரோடு பொது ரோடு.

கவருமெண்டு வரிசையில பேரப் பதிஞ்சு வெச்சிருந்தாங்க. செத்தவங்க கிட்னி வந்தா வரிசைப்படி கூப்புடுவாங்கள்ல, அது. அது எங்க வரப் போகுதுன்னு நான் நெனப்பே வெக்கல. ஒருநாள் சந்தையில அக்காவோட பக்கத்து வீட்டு அம்மா கேக்குது, "பால்ச்சாமி, ஒங்கக்கா மகளுக்கு ஆபரேஷன் நல்லா முடிஞ்சுச்சாமே?"ன்னு. நான் கையில வெங்காயப் பையோட நிக்கிறேன். எந்த ஆபரேஷன்? முடிஞ்சு பத்து நாளாச்சாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கூடப்பொறந்த அக்கா, அவளும் சொல்லல. கேட்டதுக்கு, "அவதாண்டா சொல்லக் கூடாதுன்னா"ன்னு அழுகுறா.

சந்தோசம்தாண்ணே. பொழச்சுட்டாள்ல. எங்கயோ இருந்துட்டுப் போகட்டும், உசுரோட இருக்காள்ல. ஆனா பாருங்க, யாரோ ஒருத்தன். வண்டியில அடிபட்டு மூள செத்துப்போன எளவட்டமாம். என்ன பேரு, எந்த ஊருன்னு கேட்டா சொல்லக் கூடாதாம், அதுக்கும் சட்டம். அவனுக்கு அவ மேல என்ன பாசம் இருந்துச்சு? எந்தக் கமிட்டி அவனக் கூப்புட்டு வெச்சு, எதுக்காகப்பா குடுக்குறன்னு கேட்டுச்சு? அவ மொகத்தக் கூடப் பாத்திருக்க மாட்டான். ஒண்ணும் கேக்காமக் குடுத்துட்டுப் போயிட்டான். அவன் ஆத்தா எந்த ஊர்ல கெடந்து அழுகுறாளோ, பாவம். அதையும் நெனப்பேன். அப்புறம் என் விலாவுல கைய வெச்சுப் பாப்பேன். அவளுக்குன்னு இருந்தது இங்க சும்மா கெடக்குதேன்னு இருக்கும். தாங்க முடியலண்ணே.

என்ன கேட்டீங்க? நடக்கலைன்னாலும் குடுத்திருப்பேனாவா? நீங்களும் அந்தம்மா மாதிரியே கேக்குறீங்க. குடுத்திருப்பேண்ணே. குடுத்திருக்க மாட்டேனா? எங்கக்கா மக அவ. இப்பக் கேட்டா இப்பக் குடுப்பேன். அன்னைக்கு... அன்னைக்கு என்னமோ வாயில வரல. விடுங்க.

இப்ப ஆத்தாளும் மகளும் மதுரையிலதான் இருக்காங்க, ஏதோ கம்பெனியில கணக்கு எழுதுறாளாம். மாசாமாசம் அந்த ஆஸ்பத்திரிக்கே செக்கப்புக்கு வருவா. எதுத்தாப்புல டீக்கடை இருக்குல்ல, அங்க நின்னு பாத்துட்டு வருவேன். இன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன். மாஸ்க் போட்டுக்கிட்டு, நடையில தெம்பு வந்துருச்சு, தானா ஆட்டோவக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போறா. கொஞ்சம் சத போட்டிருக்கா. நல்லாருக்கு அவளுக்கு.

அண்ணே, ஒரு ஒதவி. ஒங்க போனக் கொஞ்சம் குடுங்களேன். என் நம்பருல இருந்து அவளுக்குப் போக மாட்டேங்குது, ஒரு ரிங்குல நின்னுருது, என்ன நெட்வொர்க்கோ. நான் ஒண்ணும் பேச மாட்டேன், சத்தியமா. நீங்களே பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டு, ராங் நம்பருன்னு சொல்லி வெச்சுருங்க. குரல மட்டும் ஒருக்கா கேட்டுக்கறேன். சொல்றேன், போடுங்க. ஒம்பது, எட்டு, நாலு...

அடிக்குது.

எடுத்துட்டா! பேசுங்கண்ணே, பேசுங்க, ஏன் முழிக்கிறீங்க? ஹலோன்னு சொல்லுங்க.

...

கட் பண்ணிட்டாளா? சரி, போன உள்ள வெச்சுக்கங்க. பாத்தீங்களா, நீங்களும் வாயத் தெறக்கல, நானும் தெறக்கல, ஆனா கண்டுபுடிச்சுட்டா பாத்தீங்களா? "மாமாதானே?"ன்னு கேட்டா. மூச்சு வாங்கவே இல்ல கவனிச்சீங்களா? முன்னாடியெல்லாம் சேந்தாப்புல மூணு வார்த்தை பேச மாட்டா. "நான் நல்லாருக்கேன் மாமா, இனிமே"ன்னு என்னமோ சொல்ல வந்தா, அதுக்குள்ள இந்த டிரைவர் ஹாரன அடிச்சுட்டான். இனிமே என்னண்ணே? ஒங்க காதுகிட்டத்தானே போனு இருந்துச்சு.

கூப்புடாதீங்கன்னா?

இல்லண்ணே. ஒங்களுக்குச் சரியாக் கேக்கல. மாமான்னு சொன்னா. அத நான் நல்லாக் கேட்டேன்.